சிவப்புத் தாள் உதிர்ந்த பெயர்

தான் செத்துப்போன சேதி லாய்குவானுக்குப் பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதையும் யாரும் வந்து சொல்லவில்லை. அவளே குடையை ஊன்றிக்கொண்டு மலையேறிப் போய்த் தெரிந்துகொண்டாள்.

அன்று லன்தாவ் தீவு முழுக்க மூடுபனி. துங் சுங்கிலிருந்து நொங் பிங்குக்கு ஏறும் பழைய மடத்துப் பாதையில் பத்தடிக்கு அப்பால் மூங்கில் எது, மாடு எது என்று தெரியவில்லை. கீழே விமான நிலையத்துக்காகக் கடலைத் தூர்த்துக்கொண்டிருந்தார்கள். பாறைக்கு வெடி வைக்கும் சத்தம் மட்டும் பனியைத் தாண்டி மேலே வந்தது. லாய்குவான் ஒவ்வொரு வெடிக்கும் ஒரு திட்டு திட்டியபடி ஏறினாள். அவளுக்கு அறுபத்திரண்டு வயது. நாற்பது வருஷமாக இந்தத் தீவின் மலைகளில் நடக்கிறவள். எந்த மடத்துக்குப் பின்னால் எந்த ஓடை, எந்த முகட்டில் எந்த மாசத்தில் கோரை வெள்ளையாகப் பூக்கும் என்பதெல்லாம் அவள் காலுக்குத் தெரியும். இத்தனை வருஷம் மலையில் வழுக்காதவள், போன குளிர்காலத்தில் சொந்தக் குளியலறையில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டாள். மலையில் விழுந்திருந்தாலாவது பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பாள். இது வெளியில் சொல்ல முடியாத விழுகை. மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு யாருக்கும் தகவல் சொல்லாமல் வீட்டிலேயே கிடந்தாள்.

பாதி மலையில் இருந்த வெண்முகில் மடத்து வாசலில் சமையல்காரி யுக்ஹோ முளைகட்டிய பயறை அலசிக்கொண்டிருந்தாள். தலைநிமிர்ந்து பார்த்தவள் கூடையைக் கீழே போட்டாள்.

“போயிடு அக்கா! எதுக்குத் திரும்பி வந்தே? உனக்குத்தான் சோறெல்லாம் வச்சாச்சே!”

“எந்தச் சோறு?”

“ஆரஞ்சும் வச்சேனே! பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, ஓதி, நல்லபடியா அனுப்பி வச்சோமே!”

“எங்கடி அனுப்பினீங்க? நான் கால் ஒடிஞ்சு வீட்ல படுத்துக் கெடந்தேன். ஒரு ஆரஞ்சும் வந்து சேரல.”

யுக்ஹோ முதலில் அவளுக்கு நிழல் இருக்கிறதா என்று தரையைப் பார்த்தாள். மூடுபனியில் யாருக்குத்தான் நிழல் விழும்? பிறகு தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கிட்டே வந்து லாய்குவானின் கையைக் கிள்ளினாள். பதிலுக்கு முதுகில் விழுந்த அடியில்தான் அவளுக்கு நம்பிக்கை வந்தது. வந்ததும் அழ ஆரம்பித்தாள்.

லாய்குவான் குடையை வாசலில் சாத்திவிட்டு உள்ளே போனாள். பெயர்க்கூடத்தில் மூன்றாவது வரிசை, ஜன்னலோரம். அங்கே ஒட்டி ஒட்டி இரண்டு மரப்பலகைகள். ஒன்றில் அவள் அக்கா லாய்சிம்மின் பெயர். அடுத்ததில் அவள் பெயர். உயிரோடு இருக்கிறவர்களின் பெயரைச் சிவப்புத் தாளால் மூடி வைப்பார்கள். மூச்சு நின்ற பிறகுதான் தாளை எடுப்பார்கள். லாய்குவானின் பலகையில் தாள் இல்லை. பெயர் திறந்து கிடந்தது. முன்னால் அன்று காலை வைத்த ஒரு கிண்ணம் சோறு, சாப்பிட ஒரு ஜோடிக் குச்சிகள், ஒரு ஆரஞ்சு.

அந்தப் பெயரை எழுதிய நாளில் பார்த்தது. பொன் மை இன்னும் மங்கவில்லை. மோக் லாய்குவான். அதைப் படித்ததும் பயந்துவிட்டாள், அதை மறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஊரில் பிறந்து வளர்ந்த யாராக இருந்தாலும் பயப்படுவார்கள். உயிரோடு இருக்கிறவளின் பெயர் செத்தவர்களோடு திறந்து கிடந்தால் ஆயுசு அன்றைக்கே பாதியாகிவிடும் என்று தாய்ப்பாலோடு குடித்தவர்கள் நாங்கள்.

பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கிண்ணத்தைக் கையில் எடுத்தாள்.

“அக்கா! அது செத்தவங்களுக்கு வச்சது!” என்று யுக்ஹோ வாசல்படியிலிருந்து கத்தினாள்.

“எனக்குத்தானே வச்சே? எனக்குப் பசிக்குது.” ஒரு வாய் போட்டுக்கொண்டாள். “உப்பே இல்லையேடி. செத்தவங்க கேக்க மாட்டாங்கன்னு இப்படியா ஆக்கிப் போடுவே?”

*

அவளுடைய அக்கா கதையைச் சொல்லாமல் இவள் கதையைச் சொல்ல முடியாது.

மோக் குடும்பத்துக்குத் துங் சுங் கழிமுகத்தை ஒட்டிய ஊர். போர் முடிந்த காலம். லாய்சிம் தினமும் விடியலில் இதே மலைக்கு ஏறி விறகும் புல்லும் வெட்டி, தோள்கழியில் இரண்டு பக்கமும் தொங்கவிட்டு இறங்குவாள். அம்மா எந்நேரமும் சதுப்பில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்ததால், தங்கை லாய்குவானையும் கைக்குழந்தையாக இருந்த தம்பி ஃபுக்சிங்கையும் வளர்த்தது அவள்தான். இருபது வயதில், மழையில் நனைந்து இறங்கியவளுக்குக் காய்ச்சல் கண்டது. எழுந்திருக்கவே இல்லை.

கல்யாணம் ஆகாத பெண் செத்தால் வீட்டுப் பூசைமேடையில் இடம் கிடையாது. பெண்ணுக்கு இடம் புருஷன் வீட்டு மேடையில்தான். புருஷன் இல்லாதவளுக்கு எங்கேயும் இல்லை. லாய்சிம்மைப் பின்வாசல் வழியாகத் தூக்கிப்போனார்கள். அம்மா மட்டும் யாருக்கும் தெரியாமல் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் ஒரு தகர டப்பாவில் மண் போட்டு ஊதுபத்தி குத்தி வைத்தாள். பதினாலு வயது லாய்குவான் அப்பாவிடம் நேராகப் போய்க் கேட்டாள்.

“அக்கா ஏன் மாடுகளோட இருக்கா?”

கன்னத்தில் ஒன்று விழுந்தது. அன்றைக்குக் கேட்ட கேள்வியை அவள் பிறகு யாரிடமும் கேட்கவில்லை. பதிலைத் தானே செய்துகொள்வது என்று முடிவு கட்டிவிட்டாள்.

பட்டணத்துக்குப் போய் பிளாஸ்டிக் பூத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். வந்த வரன்களையெல்லாம் வாயாலேயே ஓட்டினாள். ஞாயிற்றுக்கிழமையானால் படகேறித் தீவுக்கு வருவாள், ஊருக்குள் போகமாட்டாள். மலைக்கு மலை, மடத்துக்கு மடம் நடப்பாள். அவளைப் பக்தை என்று சொன்னால் புத்தரே சிரிப்பார். ஒவ்வொரு மடத்திலும் கும்பிடு போட்ட கையோடு ஜன்னலைத்தான் பார்ப்பாள்: இங்கேயிருந்து என்ன தெரிகிறது? ஒரு மடத்தில் பாறை தெரிந்தது. ஒரு மடத்தில் காய்கறித் தோட்டம். நொங் பிங்கில் மேகத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. இப்படிப் பெண் பார்க்கிற மாதிரி எல்லா மடங்களையும் பார்த்துக் கழித்துவிட்டு, முப்பது வயதில் வெண்முகில் மடத்து ஜன்னலுக்கு வந்து சேர்ந்தாள். பனி இல்லாத நாளில் அங்கேயிருந்து கழிமுகம் தெரியும். ஊர் தெரியும். மாட்டுக்கொட்டகைக் கூரைகூடத் தெரியும்.

அங்கே அக்காவுக்கு ஒரு பலகை வைத்தாள். பக்கத்திலேயே தனக்கும் ஒன்றை எழுதச் சொல்லிச் சிவப்புத் தாளால் மூடினாள்.

“சின்ன வயசு. கல்யாணம் பண்ணிக்க மாட்டியா?” என்று அப்போதிருந்த மூத்த பிக்குணி கேட்டார்.

“மாட்டேம்மா. ஒதுக்கின ஊரை அவ மேலேயிருந்து பார்த்துட்டே இருக்கட்டும். எனக்கு நேரம் வரும்போது நானும் வந்து கூட உட்கார்ந்து பார்க்கறேன்.”

அன்றிலிருந்து கால் உடையும் வரை அமாவாசை, பௌர்ணமி, ஞாயிறு என்று அந்தப் பாதையில் அவள் நடக்காத வாரம் இல்லை. தீவுக்குச் சாலை வந்தது, பேருந்து வந்தது, மலை உச்சியில் பெரிய வெண்கலப் புத்தர் வந்து உட்கார்ந்தார். பேருந்து நிறையச் சனம் வந்தது. லாய்குவான் மட்டும் பேருந்தில் ஏறவில்லை. “பெரியவர் நல்லாத்தான் இருக்கார். அவரைப் பார்க்க வர்றவங்கதான் தூங்கிட்டே வந்து தூங்கிட்டே போறாங்க” என்பாள்.

*

நடந்தது என்னவென்று பிக்குணி மியூவாய் சொன்னார். அவர் மடத்துக்குத் தலைமை ஏற்று ஒரு வருஷம்தான் ஆகிறது. நாற்பது வயது, பேச்சில் அவசரம் கிடையாது. லாய்குவான் சோற்றுக்கிண்ணத்தோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் கைகூப்பி நின்றார்.

“மன்னிச்சுக்கணும் அக்கா. இந்த வசந்தத்துல தெற்குக் காத்து ஈரம் பிடிச்சுப் போச்சு. சுவரெல்லாம் வேர்த்துக் கொட்டுச்சு. அரிசிப்பசை விட்டுப்போய்த் தாள் விழுந்திருக்கு போல. கூட்டிச் சுத்தம் பண்ண வந்தவங்க குப்பைன்னு எடுத்துட்டாங்க. போனவங்களுக்குப் படைக்கிற சிங் மிங்குக்குப் பேர் வாசிக்கறப்போ உங்க பேர் திறந்து இருந்துச்சு. நீங்களும் மாசக்கணக்கா வரல. போன் பண்ணினோம், யாரும் எடுக்கல.”

“அது பழைய வீட்டு நம்பர். வீடு மாத்திட்டேன்.”

“பேர் திறந்திருந்தா வேற என்ன நினைக்கிறது? எல்லாரோடயும் சேர்த்துக் கூப்பிட்டுட்டோம்.”

எங்கள் ஆட்கள் செய்யக்கூடிய தப்புதான். முகத்தைப் பார்ப்பதை விட்டுத் தாளைப் பார்ப்பார்கள்.

“சரி, விடுங்க. புதுத் தாள் ஒட்டிடுங்க.”

மியூவாய் தரையைப் பார்த்தார். “ஒட்டிடலாம். பரிகாரமா ஓதவும் செய்யறோம். ஆனா ஒண்ணு. புதுக் கூடம் கட்டி முடிஞ்சிருச்சு. புத்தர் பிறந்தநாள் அன்னிக்கு, உயிரோட இருக்கிறவங்க பலகை எல்லாம் அங்க போகுது. இந்தக் கூடம் இனிமே போனவங்களுக்கு மட்டும். நிர்வாகக் குழு முடிவு பண்ணிட்டாங்க.”

“எங்க அக்கா?”

“அவங்க இங்கதான். போனவங்க பேரைக் கூப்பிட்டு ஓதிட்டா, அப்புறம் பலகையை அசைக்கக் கூடாது.”

“நான் போனதுக்கப்புறம் இங்க வரலாம் இல்ல?”

“இடம் இருக்காது அக்கா. வரிசையில நிறையப் பேர் காத்துக்கிட்டு இருக்காங்க. இந்த இடம் காலியானா மறுநாளே வேற பேர் வந்துரும். உங்களுக்குப் புதுக் கூடத்துல நல்ல இடமாப் பார்த்துத் தர்றேன்.”

“அங்க ஜன்னல்ல என்ன தெரியும்?”

“அங்க ஜன்னல் இல்ல. ஏசி வச்சிருக்காங்க.”

லாய்குவான் ஆரஞ்சை உரித்தாள். ஒரு சுளையை எடுத்து அக்காவின் பலகைக்கு முன்னால் வைத்தாள். ஒன்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். மென்று விழுங்கிய பிறகு கேட்டாள்.

“என் பேரையும் கூப்பிட்டு ஓதிட்டீங்க இல்ல?”

“ஆமா.”

“அப்போ என்னையும் அசைக்கக் கூடாதே?”

மியூவாய் நிமிர்ந்து பார்த்தார். “நீங்க உயிரோட இருக்கீங்களே அக்கா.”

“அது என் கஷ்டம். நான் பார்த்துக்கறேன்.”

*

சேதி மலையிறங்கி, கடல் தாண்டி, டுவென் மூனில் அடுக்குமாடி வீட்டில் இருந்த தம்பி ஃபுக்சிங்கின் காதுக்குப் போக மூன்று நாள்கூட ஆகவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவன் அக்காவைத் தேநீர்க்கடைக்குக் கூப்பிட்டான். இறால் கொழுக்கட்டை, கோழிக்கால், சேப்பங்கிழங்கு வடை என்று மேசை கொள்ளாமல் வரவழைத்திருந்தான். தம்பி இத்தனை வாங்கித் தருகிறான் என்றால் விஷயம் பெரிசு என்று லாய்குவானுக்கு உட்காரும்போதே தெரிந்தது.

“புத்தி இருக்கா அக்கா உனக்கு? உன் பேர் செத்தவங்களோட இருக்கு. நீ பாட்டுக்குச் சோறு எடுத்துத் திங்கறியாமே?”

“உப்பில்லாத சோறு.”

“விளையாடாதே. பையனுக்கு இலையுதிர்காலத்துல கல்யாணம். பொண்ணு வீட்ல கேட்டா என்ன சொல்றது? என் அக்கா செத்தும் நடக்கறான்னா?” அவன் குரலைத் தாழ்த்தினான். “இதோ பாரு. நான் யோசிச்சிட்டேன். புதுத் தாள் ஒட்டிக்கிட்டு ஏசிக் கூடத்துக்குப் போ. இல்லேன்னா அந்த மடமே வேண்டாம்னு விட்டுடு. உன் பேரை நம்ம வீட்டு மேடையிலேயே வச்சுக்கறேன். அப்பா அம்மா பக்கத்துல. எந்த வீட்லயும் செய்ய மாட்டாங்க. நான் செய்யறேன்.”

லாய்குவான் கையிலிருந்த குச்சிகளைக் கீழே வைத்தாள். இந்தச் சொல்லை நாற்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் அவள் இந்த மலையையே மிதித்திருக்கமாட்டாள். தம்பி மனசாரத்தான் சொன்னான். அதுதான் அவளுக்கு வலித்தது.

“அக்காவோட பேரையும் வப்பியா?”

“எந்த அக்கா?”

அவள் கோழிக்கால் தட்டை அவன் பக்கமே தள்ளினாள்.

“ஓ... அவங்களா. எனக்கு அவங்க முகமே ஞாபகம் இல்ல. செத்து எத்தனையோ காலம் ஆச்சு. இப்பப் போய் அதைக் கிளறினா—”

“உன்னை முதுகுல கட்டிக்கிட்டு விறகு சுமந்தவ அவ. உன் மூக்கைச் சிந்திச் சிந்தி அவ சட்டைக் கையெல்லாம் வெறைச்சுப் போயிருக்கும். உனக்கு ஞாபகம் இல்லாததுனால அவ இல்லேன்னு ஆயிடுமா?”

“வழக்கம்னு ஒண்ணு இருக்கு அக்கா!”

“அந்த வழக்கத்துல அவளுக்கு மாட்டுக்கொட்டகை, எனக்கு மட்டும் மேடையா? நீயே வச்சுக்கோ உன் மேடையை.”

அவள் தேநீர்க் கெண்டியை எடுத்து அவன் கோப்பையில் ஊற்றினாள். அத்தனை கோபத்திலும் ஃபுக்சிங்கின் விரல்கள் பழக்கத்தில் மேசையைத் தட்டி நன்றி சொல்லின. சொன்ன பிறகு அவனுக்கே எரிச்சலாக வந்தது.

“அப்போ ஒண்ணு கேட்டுக்கோ. பேர் திறந்தே கெடந்தா, கல்யாணத்துக்கு நீ வரக் கூடாது. செத்தவங்க வரிசையில பேர் இருக்கிறவளுக்கு மணப்பொண்ணு மண்டிபோட்டு மரியாதை டீ குடுக்க முடியாது. அபசகுனம்.”

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. தம்பி பையன் சீபாங் அவளுக்கு ஒரே மருமகன். பிள்ளையாக இருந்தபோது அவனை ஞாயிற்றுக்கிழமைகளில் மலைக்கு இழுத்துப் போயிருக்கிறாள். அவன் வழியெல்லாம் அழுவான். நொங் பிங்கில் சோயாப்பாலை உறையவைத்துச் செய்யும் இனிப்பு வாங்கிக் கொடுத்தால் மட்டும் சிரிப்பான். அவன் கல்யாணத்தில் போடவென்று ஒரு மோதிரம் வாங்கி, பெட்டியில் எத்தனையோ வருஷமாக வைத்திருந்தாள்.

எழுந்து குடையை எடுத்துக்கொண்டாள். “கோழிக்கால் ஆறிப் போச்சு பாரு. சாப்பிடு” என்றாள். தெருவுக்கு வந்த பிறகுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

*

புத்தர் பிறந்தநாள் அன்று வெயில் பளிச்சென்று அடித்தது. மடத்து முற்றத்தில் கூட்டம். சிவப்புத் தாள் மூடிய பலகைகளை அவரவர் பிள்ளை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு வரிசையாகப் புதுக் கூடத்துக்குப் போனார்கள். முன்னால் நிர்வாகக் குழுத் தலைவர் ஃபோங், கழுத்துப்பட்டையும் வியர்வையுமாக. மியூவாய் ஒவ்வொரு பெயராக வாசித்தார்.

லாய்குவான் வெறுங்கையோடு பழைய கூடத்து ஜன்னலோரம் நின்றாள். ஃபுக்சிங்கும் வந்திருந்தான். பேருந்தில் மலையுச்சிக்கு வந்து, அங்கேயிருந்து நடந்து இறங்கியிருக்கிறான். ஒரு கையில் புதுச் சிவப்புத் தாள்; இன்னொரு கையில் பசைக் கிண்ணம். அக்கா செய்யமாட்டாள் என்றால் தானே ஒட்டிவிடுவது என்று வந்திருக்கிறான்.

“மோக் லாய்குவான்” என்று மியூவாய் வாசித்தார்.

“அவ செத்துட்டா” என்றாள் லாய்குவான்.

முற்றத்தில் சிரித்தவர்களும் உண்டு, எச்சில் துப்பித் தோஷம் கழித்தவர்களும் உண்டு. ஃபோங் உள்ளே வந்தார்.

“அம்மா, இதென்ன பிடிவாதம்? எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. உங்க ஒருத்தருக்காக விதியை மாத்த முடியுமா?”

“மாத்த வேண்டாங்க. உங்க விதிப்படிதான் கேக்கறேன். பேர் கூப்பிட்டாச்சு, சோறு வச்சாச்சு. செத்தவங்களை அசைக்கக் கூடாதுன்னு நீங்கதானே எழுதி ஒட்டியிருக்கீங்க?”

“நீங்கதான் எதிர்ல நின்னு பேசறீங்களே!”

“செத்தவளே பேசறான்னா எவ்வளவு வயித்தெரிச்சல் இருக்கும்னு பார்த்துக்கோங்க.”

ஃபுக்சிங் தாளோடு பலகையை நெருங்கினான். லாய்குவான் குடையைக் குறுக்கே நீட்டினாள்.

“கிட்ட வராதே தம்பி. இந்த உசிர் போனா எனக்கு அழறதுக்கு யாரும் வேண்டாம். நான் பயப்படறது ஒண்ணே ஒண்ணுக்குத்தான். இவ திரும்பவும் தனியா நிக்கக் கூடாது. ஆயுசு குறையும்னா குறையட்டும். தலைக்கு மேல வெள்ளம் போனதுக்கப்புறம் சாண் என்ன, முழம் என்ன? என் பேர் இப்படியே திறந்து இருக்கட்டும். மூட வேண்டாம், தூக்க வேண்டாம்.”

எல்லோரும் மியூவாயைப் பார்த்தார்கள். அவர் கையிலிருந்த காகிதத்தை மடித்தார்.

“பேரைக் கூப்பிட்டது நான்தான்” என்றார். “தப்பாக் கூப்பிட்டாலும் கூப்பிட்டது கூப்பிட்டதுதான். அந்தப் பலகை அசையாது. குழுவுக்கு ஆட்சேபணை இருந்தா என்கிட்ட கேளுங்க.”

ஃபோங் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டே புதுக் கூடத்துக்குத் திரும்பிப் போனார்.

ஃபுக்சிங் பசைக் கிண்ணத்தை ஜன்னல் விளிம்பில் நங்கென்று வைத்தான். “சரி. எனக்கு அக்காவே இல்ல” என்று சொல்லிவிட்டு விடுவிடென்று வெளியே போனான். சிவப்புத் தாள் அவன் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. லாய்குவான் குனிந்து எடுத்து, நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தாள். நல்ல தாளை வீணாக்குகிற வழக்கம் அவளிடம் கிடையாது.

*

கோடை போயிற்று. புயல் இரண்டு வந்து போயின. லாய்குவானின் ஆயுசுக்கு ஒன்றும் ஆகவில்லை. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஏறி வந்து, தனக்கு வைத்த சோற்றைத் தானே சாப்பிட்டாள். யுக்ஹோ அந்தக் கிண்ணத்தில் மட்டும் இப்போது உப்புப் போட்டு, மேலே வறுத்த காளானும் வைத்தாள். நடக்க வருகிறவர்களில் சிலர் அவளைக் கண்டால் பாதையை விட்டு ஒதுங்கினார்கள். அவர்களைப் பார்த்து வேண்டுமென்றே நாக்கை நீட்டிக் காட்டுவாள்.

கல்யாணத்தன்று அவள் தீவின் இன்னொரு கோடிக்கு, தை ஓ பக்கம் நடக்கப் போனாள். முகடெல்லாம் கோரை வெள்ளையாகப் பூத்திருந்தது. அழகாகத்தான் இருந்தது. அன்றைக்கு அவள் எதையும் பார்க்கவில்லை.

அடுத்த பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அவள் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து காளானைக் கடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் மூச்சிரைக்கும் சத்தம் கேட்டது. சீபாங் நின்றான். கூடவே அவன் பெண்டாட்டி சுட்யிங், கையில் துணிமூட்டையோடு. மேலேயிருந்து பழைய பாதையில் இறங்கி வந்திருக்கிறார்கள். பெண்ணின் புதுச் செருப்பு முழுக்கச் சேறு.

“அத்தை” என்றான் சீபாங். “டீ குடுக்க வந்தோம்.”

“செத்தவங்களுக்கு டீ குடுத்தா அபசகுனம். உங்கப்பன் சொல்லலயா?”

“சொன்னார். வழியெல்லாம் சொல்லிட்டேதான் வந்தார். பஸ் ஸ்டாப்புல நிக்கறார். இறங்கி வர மாட்டாராம்.”

“நிக்கட்டும். கால் வலிச்சா உட்கார்ந்துக்குவான்.”

சுட்யிங் பேச்சை வளர்க்கவில்லை. மூட்டையை அவிழ்த்துக் கோப்பைகளை எடுத்தாள்; யுக்ஹோவிடம் வெந்நீர் வாங்கினாள்; புருஷனைக் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் மண்டியிட வைத்தாள். இரண்டு கையாலும் கோப்பையை நீட்டினாள்.

“அத்தை, டீ குடிங்க.”

லாய்குவான் வாங்கிக் குடித்தாள். சொட்டு மிச்சமில்லாமல் குடித்துத் தீர்த்தாள். சட்டைப்பைக்குள் கைவிட்டு, அன்றைய சிவப்புத் தாளில் சுற்றிய மோதிரத்தை எடுத்துக் கொடுத்தாள். கல்யாணத்தன்றிலிருந்து அது அங்கேதான் இருந்தது.

“எங்கப்பா அன்னிக்கு ஒட்டறதுக்குக் கொண்டுவந்த தாளா இது?” என்றான் சீபாங்.

“ஆமா. மூடறதுக்கு வாங்கினான். சுத்தறதுக்கு ஆச்சு.”

சுட்யிங் எழுந்திருக்கவில்லை. பலகைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “உங்க பக்கத்துல இருக்கிறது யாரு அத்தை?”

“மூத்தவ.”

“அப்போ பெரியத்தை” என்றாள் அவள். இன்னொரு கோப்பையில் டீ ஊற்றினாள். மண்டியிட்டபடியே நகர்ந்து, லாய்சிம்மின் பெயருக்கு முன்னால் இரண்டு கையாலும் வைத்தாள். “பெரியத்தை, டீ குடிங்க.”

அந்த வீட்டிலிருந்து லாய்சிம்முக்கு ஒளிவில்லாமல் வந்த முதல் மரியாதை அதுதான். லாய்குவான் முகத்தைத் திருப்பி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கழிமுகத்தில் பாதி மண்ணாகியிருந்தது. ஊரைக் காணோம், மாட்டுக்கொட்டகை இருந்த திசையில் பாரந்தூக்கிகள் நின்றன. அவள் தோள் குலுங்கியது. யுக்ஹோ வாசல்படியில் நின்று தன் பங்குக்குச் சத்தமாகவே அழுதாள்.

டீ ஆறும் வரை உட்கார்ந்திருந்தார்கள். பிறகு லாய்குவான் முகத்தைக் கழுவிக்கொண்டு குடையை எடுத்தாள். மேலே போகும் பாதைக்குத் திரும்பினாள்.

“எங்க அத்தை? உங்க வழி கீழ இல்ல?” என்றான் சீபாங்.

“உங்கப்பனைக் கூட்டிட்டு, எல்லாருமா கீழ நடக்கப் போறோம். போற வழியில அவன் இங்க வந்து உங்க பெரியத்தைக்கு ஒரு டீ ஊத்தட்டும். அன்னிக்குக் கடையில நான் ஊத்தினதுக்கு மேசையைத் தட்டினான் இல்ல? இவளுக்கும் தட்டட்டும்.”

“அவர் வர மாட்டார் அத்தை. எனக்கே கால் விட்டுப்போச்சு. பஸ்லயே போயிடலாமே.”

லாய்குவான் நின்று அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

“செத்தவளே நடக்கறா” என்றாள். “உசிரோட இருக்கிறவங்களுக்கு என்னடா கேடு? ஏறு.”